நான்கு வரிச் செய்தியும் ஒரு தோள்பட்டையும்

எதிர்த்தரப்பு கொடுத்த ஆவணத் தொகுப்பில் முதல் தாளே ஒரு பத்திரிகைச் செய்திதான். மழையில் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகிச் சேற்றில் சிக்கியது, பயணிகள் அனைவரும் நலம் என்று நான்கு வரி. அந்த நான்கு வரியோடுதான் வழக்கு முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

என் கட்சிக்காரர் மலேசியாவின் ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த ஓர் அம்மா. சாலையோரப் பூச்சட்டிக் கடை ஒன்றின் பட்டறையில் சட்டிகளுக்கு வண்ணம் பூசி, காய்ந்தவற்றைத் தூக்கி அடுக்குவது வேலை. கோயில் வேண்டுதலுக்காகத் தமிழ்நாட்டுக்குப் போனவர். விமானம் நின்றதும் காற்றடைத்த அவசரச் சறுக்கு வழியாக எல்லாரையும் இறக்கினார்கள். கீழே ஈரத் தரையில் வலது கையை ஊன்றி விழுந்தார். பின்னால் சறுக்கி வந்தவர் அவர்மேலேயே விழுந்தார். எழுந்து, நடந்துதான் முனையக் கட்டடத்துக்குப் போனார். "நடந்து போனவருக்கு என்ன காயம்?" என்பதே எதிர்த்தரப்பின் வாதம். விமான நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்வதற்கில்லை. சமரச ஒப்பந்தம் அதற்கு இடம் தரவில்லை.

அவரை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தது மகள்தான். "பேப்பர்லயே எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு போட்டுட்டாங்க, இதுக்குப் போயி கேஸா லாயர் தம்பி?" என்று அம்மா கேட்டார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தரச் சொன்னேன். வலது கை தோள் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. இடது கை தானாக வந்து முழங்கையைத் தாங்கியது. ஸ்கேன் எடுத்தபோது தோள் மூட்டின் தசைநார் கிழிந்திருந்தது தெரிந்தது.

ஓடுபாதை விபத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பெரும் சாவுகள். 1995 செப்டம்பரில் மலேசியாவின் தாவாவில் மாஸ் விமான நிறுவனத்தின் ஃபோக்கர் விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் குடியிருப்புக்குள் பாய்ந்தது. 53 பேரில் 34 பேர் மாண்டார்கள். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். சுமார் 8,000 அடி ஓடுபாதையில் சக்கரம் தரையைத் தொட்டது ஏறத்தாழ 5,200 அடி கடந்த பிறகு. மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் தலைமை விமானி கேட்கவில்லை. 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டிலும் இதே கதைதான்: மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, தாமதமாகத் தரை தொட்ட சக்கரம், ஓடுபாதை முடிகிற இடத்தில் பள்ளம். 21 உயிர்கள் போயின.

எங்கள் வழக்கில் விமானி செய்தது சரியா தவறா என்று நிரூபிக்கவே தேவையில்லாமல் போனது. மலேசியா 2007 இறுதியிலும் இந்தியா 2009-லும் அனைத்துலக விமானப் பயண இழப்பீடு பற்றிய மான்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. அதன்படி, குறிப்பிட்ட தொகைவரை நிறுவனத்தின் தவறைக் காட்டாமலே இழப்பீடு கேட்கலாம். அந்த வரம்பு அப்போது 113,100 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. விபத்து நடந்தது இந்தியாவில் என்றாலும் அவர் எடுத்திருந்தது கோலாலம்பூரிலிருந்து போய்த் திரும்பும் டிக்கெட். சட்டத்தின் கண்ணில் அவர் சேருமிடம் கோலாலம்பூர். ஆகவே மலேசியாவிலேயே வழக்குப் போட முடிந்தது.

ஆனால் உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு பயணியின் மரணத்தையும் உடற்காயத்தையும் மட்டுமே ஏற்கிறது. அந்த அம்மா பல மாதங்கள் மழைச் சத்தம் கேட்டாலே தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தார். வெறும் மனஅதிர்ச்சிக்கு இழப்பீடு கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் வழக்கில் சொன்னதை வேறு சில நாட்டு நீதிமன்றங்களும் பின்பற்றின. இது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கோரிக்கை மனுவில் தோளைத்தான் எழுத முடிந்தது.

தோளுக்கும் அவர்களிடம் பதில் இருந்தது. வயதாலும், வருடக்கணக்கில் சட்டி தூக்கியதாலும் தேய்ந்துபோன தோள் என்றார்கள். அவர்களுடைய மருத்துவ அறிக்கையும் அதையே சொன்னது. எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, பட்டறை முதலாளி பத்திரமாக வைத்திருந்த வருகைப் பதிவு அட்டைகள்: பயணத்துக்கு முந்தின நாள்வரை முழு வேலை, கைவலி என்று ஒரு விடுப்புகூட இல்லை. மற்றது, பாஸ்போர்ட் உறைக்குள் மடித்துக் கிடந்த விமான நிலைய மருத்துவ அறையின் சீட்டு. வலது தோள் வலி, சறுக்கில் விழுந்தது என்று கிறுக்கலாக எழுதி, அன்றைய தேதி முத்திரை வைத்திருந்தது. வலி மாத்திரை வாங்கக் கொடுத்த சீட்டு அது. அது நனைந்துவிடாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்மாவின் நனைந்த பெட்டிக்காக நிறுவனம் ஒரு சிறு தொகை அனுப்பியிருந்தது. அதோடு வந்த ஆங்கிலக் கடிதத்தில், எல்லாக் கோரிக்கைகளுக்கும் இதுவே முழுமையான இறுதித் தீர்வு என்று ஒரு வரி. படித்துச் சொல்ல ஆளில்லாமல் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். கடிதத்தில் பெட்டியின் அட்டை எண் மட்டுமே இருக்கிறது, பயணியின் உடல் பற்றி ஒரு சொல் இல்லை என்று வாதாடினோம். விசாரணைக்கு முன்பே அவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். அறுவைச் சிகிச்சைச் செலவும், இழந்த சம்பளமும், அதற்கு மேலும் கிடைத்தன.

எல்லா வழக்கும் இப்படிச் சமரசத்தில் முடிவதில்லை. மங்களூரில் இறந்த ஒருவரின் குடும்பம் விடாமல் போராடி, 2020 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் 7.64 கோடி ரூபாய் பெற்றது. அவருடைய படிகளையும் சம்பளமாகக் கணக்கிட வேண்டும் என்பதற்காகவே அங்கே வாதம் நடந்தது.

அம்மாவின் வழக்கு முடிந்த பிறகு, அதே விமானத்தில் வந்த இன்னொருவர் ஸ்கூடாயிலிருந்து என்னைத் தேடி வந்தார். இடுப்பு எக்ஸ்ரேயைக் கையில் வைத்திருந்தார். செய்தியில் எல்லாரும் நலம் என்று வந்ததால் தனக்கு உரிமை இருப்பதே தெரியாது என்றார். வழக்குப் போட உடன்படிக்கையின் 35-ஆம் பிரிவு இரண்டு ஆண்டு தருகிறது. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் இழப்பீட்டு உரிமையே அற்றுப்போகிறது. காரணம் காட்டி நீட்டிக்கச் சொல்லவும் வழியில்லை. அவருக்கு அந்த இரண்டு ஆண்டு கடந்திருந்தது. அவருடைய கோப்பை நான் திறக்கவே முடியவில்லை.