பார்த்த கடன்

தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அந்த வீட்டில் படப்பிடிப்பு தொடங்கும். "தறி ஓடினா வசனம் கேக்காதுங்கண்ணா. பக்கத்து வீட்டுத் தறியும் நிக்கணும். அதனால எட்டு மணிக்கு மேல வாங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தார் அங்கே தறி நெய்யும் இளைஞர். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. சேலம் அம்மாபேட்டையில், மாரியம்மன் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில், ஓட்டு வீடு. முன்னறையில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் பாதி நெய்த பட்டுச்சேலை, தூசு படாமல் துணி போர்த்திக் கிடந்தது. மற்றொன்றின் பக்கத்தில் ஓர் எந்திரன் நின்றுகொண்டிருந்தான்.

எந்திரன் என்றால் ஷங்கர் இயக்கி 2010இல் வந்த படத்தின் சிட்டிதான். அந்தப் படத்தின் முடிவில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்வான். அவன் உடல் ஓர் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக நிற்கும். இங்கே கூடியிருந்த ஆறு பேரும் பள்ளிக்கூட வயதில் அந்தக் காட்சியைப் பார்த்துக் கலங்கியவர்கள். அவனை அப்படியே விட்டுவிட இவர்களுக்கு மனம் வரவில்லை. கழற்றிய பாகங்களில் ஒன்று எப்படியோ ஒரு நெசவாளர் வீட்டுக்கு வந்து சேருகிறது என்று வைத்துக்கொண்டு, ஐந்து பகுதிகளாக ஒரு தொடர் எடுக்கிறார்கள். கருவி இரண்டு செல்போன்கள். ஒருவர் தறி நெய்கிறார். ஒருவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை. இருவர் பாலிடெக்னிக் மாணவர்கள். ஒருவர் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர். இன்னொருவர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் பெண், வசனம் அவருடையது.

ரசிகர்கள் எடுக்கும் அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். அவற்றை எடுப்பவர்களின் கைகளைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை அங்கே கொண்டுபோனது.

முதலில் கண்ணில் பட்டது எந்திரனின் மார்பு. வெள்ளி நிறம் பூசிய தகடுகள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் சிறு துளைகள். தொட்டுப் பார்த்தேன். தகரம் இல்லை, அட்டை. ஜக்கார்டு பெட்டியில் ஓடித் தேய்ந்து, ஒதுக்கிப் போட்ட டிசைன் அட்டைகள். நூலால் கோத்திருந்ததைக்கூடப் பிரிக்காமல் அப்படியே உடம்பில் சுற்றித் தைத்திருந்தார்கள். தைத்தவர் தார் சுற்றும் அக்கா ஒருவர்; எதிர் வீட்டுக்காரர்.

அந்த அட்டையின் வேலையை அங்கே எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி மேலே எழும்பி, பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். கொக்கி விலகி நிற்கும். இழை கீழேயே கிடக்கும். ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஒரு தடவை குறுக்கே ஓட ஓர் அட்டை. ஒரு பூ விரிய எத்தனை ஊடை வேண்டுமோ அத்தனை அட்டை. தூக்கு, தூக்காதே என்ற இரண்டே கட்டளைகள்தான் மாம்பிஞ்சும் மயிலும் ஆகின்றன.

பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு அந்தப் பொறியைச் செய்தார். அதே துளை அட்டையைக் கணக்குப் போடும் பொறிக்குக் கொண்டுபோக இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டம் வரைந்தார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார்கள். கணினிக்கு முன்னோர் தேடிப் போனால் தறி வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். இந்தப் பிள்ளைகள் தங்கள் கதையையே அதன் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். நினைவு முழுவதும் அழிந்த எந்திரன், தறியின் மேல் தொங்கும் அட்டை வரிசையைக் கண்டதும் நிற்கிறான். விரலால் துளைகளைத் தடவுகிறான். "இது எங்க தாத்தா பேசின பாஷை" என்கிறான். அன்று இரவு படமாக்கியது அந்தக் காட்சியைத்தான். வசனத்தைத் தாளில் படித்தபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கற்பனை அது.

தலை திரும்பும் விதம் அடுத்த அதிசயம். கழுத்துக்குள் ஒரு சைக்கிள் பல்சக்கரம், சங்கிலி, கார் வைப்பர் மோட்டார் ஒன்று. சுவிட்சைப் போட்டதும் தலை மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பி, ஒரு நொடி நின்று, மீண்டும் திரும்புகிறது. "இது யார் யோசனை?" என்றேன். எல்லோரும் திண்ணையைக் காட்டினார்கள். அங்கே அந்த வீட்டுத் தாத்தா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ராவணனுக்குச் செஞ்சது தம்பி" என்றார். "பத்துத் தலையும் ஒண்ணா ஆடினா பொம்மைன்னு தெரிஞ்சிடும். ஒண்ணு நிக்கிறப்ப இன்னொண்ணு திரும்பணும். அப்பத்தான் உசுரு வரும்."

அவர் சொன்னது வண்டி வேடிக்கையை. ஆடித் திருவிழாவில் சேலத்துக்காரர்கள் காத்திருக்கும் இரவு அது. குகை, அம்மாபேட்டை பகுதிகளில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் சிவனாக, முருகனாக, காளியாக வேடமிட்டு, விளக்குகளால் ஜோடித்த வண்டிகளில் ஊர்வலம் வருவார்கள். ஒரு காலத்தில் மாட்டு வண்டி. இப்போது லாரியும் டிராக்டரும். புராணக் காட்சி ஒன்றை அப்படியே வண்டி மேல் எழுப்பி, ஆட்களை அசையாமல் நிற்க வைத்து, பொம்மைகளை அசைய வைப்பார்கள். மனிதன் சிலையாவதும் சிலை மனிதனாவதும் ஒரே மேடையில் நடக்கும். பார்க்க வரும் கூட்டத்துக்குக் கதை முழுக்கத் தெரியும். அதனால் யாரும் விளக்கம் சொல்வதில்லை. சூலத்தின் கோணம் சரியா, மயிலின் கழுத்து திரும்புகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

தாத்தா நாற்பது ஆண்டுக்கு மேல் வண்டி கட்டியவர். மூங்கில், பிளைவுட், தெர்மாகோல், ஜிகினாத் தாள், சைக்கிள் சங்கிலி என்று அவர் அடுக்கிய பொருள்கள் அத்தனையும் பேரனின் எந்திரனுக்குள் இருந்தன. ராவணனின் கழுத்து சிட்டியின் கழுத்தானது அப்படித்தான். சொல்லிக்கொடுத்ததாக அவர் நினைக்கவில்லை. கற்றுக்கொண்டதாகப் பேரனும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கை வேலை இப்படித்தான் கைமாறுகிறது.

கையால் அதிசயம் கட்டும் பழக்கம் இந்த ஊர்க் காற்றில் முன்பிருந்தே இருக்கிறது. ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைப் பார்த்திருப்பார்கள். 1935இல் அதைத் தொடங்கிய டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். நெசவு படித்தவர் சினிமா நெய்தார். 1952இல் அமெரிக்கர்களோடு சேர்ந்து அவர் எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில், உலகத்தை விட்டு அழிந்துபோன மாமத யானைகள் இந்தியக் காட்டுக்குள் உயிரோடு வரும். நிஜ யானைகளுக்கு நீள மயிர்ப் போர்வை போர்த்தி மாமதங்களாக்கினார்கள். ஹாலிவுட் நடிகர்களான ராட் கேமரூனும் சீசர் ரொமேரோவும் அதில் நடித்தார்கள். அழிந்த விலங்குக்கு யாரோ உட்கார்ந்து மயிர் தைத்திருக்கிறார்கள்! அந்தக் கைகளின் பெயர் எனக்குத் தெரியாது. அட்டையை எந்திரனாகத் தைத்த எதிர் வீட்டு அக்காவைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன. இந்தத் தொடரின் முதல் பகுதியில் அவர் பெயரை முதல் வரியாகப் போட்டிருக்கிறார்கள்.

நெசவு ஊருக்கும் இந்த ஆசைக்கும் ஏதோ உறவு உண்டு. மகாராஷ்டிராவின் மாலேகாவ் விசைத்தறி நகரம். அங்கே வீடியோ பார்லர் நடத்திய ஷேக் நாசிர், தறித் தொழிலாளர்களை நடிக்க வைத்து, பெரிய படங்களைத் தங்கள் ஊர் மொழியில் மறுபடி எடுத்தார். ஷஃபீக் ஷேக் என்ற தறித் தொழிலாளி சூப்பர்மேனாகப் பறந்தார். ஃபைசா அகமது கான் 2008இல் எடுத்த ஆவணப்படம் அதை உலகத்துக்குக் காட்டியது. நாள் முழுவதும் தறிச் சத்தத்துக்குள் நிற்கும் ஒருவருக்குப் பறப்பது எவ்வளவு தேவையானது என்பதை அதில் கண்டேன்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் ஆண்டோடு நின்றுவிடுமோ என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். மூன்றாம் ஆண்டும் வந்தது. 1969இல் நிறுத்தப்பட்ட பிறகும் அவர்கள் விடவில்லை. 2004இலிருந்து ஜேம்ஸ் காலி என்ற ரசிகர் அந்தத் தொடரில் வரும் விண்கப்பலின் உட்புறத்தை அச்சு அசலாகக் கட்டி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். மூலத் தொடரில் நடித்த ஜார்ஜ் டக்கேயே 2007இல் அந்த ரசிகர் தொடருக்கு வந்து நடித்தார். 'ஹிடன் ஃபிரன்டியர்' என்ற இன்னொரு ரசிகர் தொடர், பச்சைத் திரையை வைத்துக்கொண்டே 50 பகுதிகள் போனது. பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய வீடியோ நாடாக்கள் பல அழிக்கப்பட்டன. ஆனாலும் அந்தப் பகுதிகளின் ஒலி முழுவதும் இன்று கிடைக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சி முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த பார்வையாளர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

பார்வையாளர் என்றால் யார் என்பதை அம்மாபேட்டையில் இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு, சந்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி முதல் இரண்டு பகுதிகளைப் போட்டார்கள். நாற்பது ஐம்பது பேர். பாட்டிகள் வாசற்படியில், சிறுவர்கள் தரையில். படம் ஓடும்போதே தார் சுற்றும் அக்கா எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கடா. நாடா இந்தப் பக்கம் வந்துருச்சு. மறுபடியும் அந்தப் பக்கத்துல இருந்தே எப்படி வரும்?"

உண்மைதான். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது ஓர் ஊடை விட்டுப்போயிருந்தது. கூட்டம் முழுவதும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. எந்திரன் உயிரோடு எழுந்து நடப்பதை அவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். நாடா தப்பாக ஓடுவதை ஏற்கவில்லை. எந்தக் கற்பனையும் நிற்பதற்குத் தரை ஒன்று வேண்டும். அந்தத் தரையைக் காவல் காப்பவர்கள் பார்வையாளர்கள். மறுவாரம் அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். நாடாவை ஓட்டிக் காட்டியவர் அந்த அக்காவேதான்.

காசு பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்தவர் படைத்த பாத்திரத்தை வைத்து இவர்கள் வருமானம் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஸ்டார் ட்ரெக் உரிமையாளர்கள் 2016இல் ரசிகர் படங்களுக்கு விதிகள் வகுத்தார்கள்: ஒரு கதை இரண்டு பகுதிக்குள், மொத்தம் 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், வியாபாரம் கூடாது. பல நீண்ட தொடர்களின் ஓட்டம் அதோடு சுருங்கியது. இதை அந்த நெசவாளர் இளைஞரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நெய்யுற சேலை எல்லாமே விக்கிறதுக்குத்தானுங்கண்ணா. ஒண்ணைக்கூட எங்கம்மா கட்டினதில்லை. கூலி வாங்குறோம், சேலை போயிடுது. இது ஒண்ணாவது விக்காம இருக்கட்டும்."

திண்ணையிலிருந்து தாத்தா சேர்த்துக்கொண்டார். "ஆயிரம் வேடிக்கை பாத்திருக்கோம் தம்பி. சின்ன வயசுல எவனோ கைக்காசு போட்டு வண்டி கட்டினான், நாம தோள் மேல உக்காந்து பாத்தோம். சும்மா பாத்துட்டுப் போயிட்டா அது கடன். ஒரு வண்டியாவது கட்டணும்."

உலகத்தின் ரசிகர் தொடர்கள் அனைத்துக்கும் நான் தேடிக்கொண்டிருந்த விளக்கம் இந்தத் திண்ணையில் கிடைத்தது. பொழுது போகாமல் எடுக்கிறார்கள், பெயருக்காக எடுக்கிறார்கள், சினிமாவில் நுழையும் வழிக்காக எடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஐம்பது பகுதிகள் எடுக்கிற, மாதக் கூலியில் மிச்சம் பிடித்து வைப்பர் மோட்டார் வாங்குகிற மனதை அவை தொடவில்லை. கதை ஒன்று நமக்குள் இறங்கித் தங்கிவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை கை சும்மா இருக்காது. வேண்டுதலும் அப்படித்தான்.

அந்த முதல் இரவுக்கே திரும்பி வருகிறேன். "எங்க தாத்தா பேசின பாஷை" காட்சி பதினோரு தடவைக்குப் பிறகு சரியாக வந்தபோது மணி ஒன்றரை. எந்திரனைக் கழற்றி மூலையில் சாய்த்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். அந்த இளைஞர் மட்டும் ஸ்டூல் போட்டு ஏறினார். காட்சிக்காகத் தறியின் மேலிருந்து இறக்கியவை பழைய அட்டைகள் அல்ல; காலையில் ஓட வேண்டிய சேலையின் அட்டைகள். செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணி மாட்டத் தொடங்கினார்.

"அப்படியே மாட்டினா ஆகாதா?" என்றேன்.

"ஒரு அட்டை முன்னபின்ன ஆனாலும் பூவுல ஒரு கோடு விழுந்துரும்ணா" என்றார், எண்ணிக்கையை விடாமல்.

நான் கீழே நின்று வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேன்.