நடை சாத்துற நேரத்துல சார்ஜ்

2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலையை முதல்வர் திறந்து வைத்தார். வருஷத்துக்கு 50,000 எலெக்ட்ரிக் கார் செய்யக்கூடிய ஆலை. அன்னைக்கு ராத்திரியே சித்தப்பா ஹாஸ்டலுக்கு போன் பண்ணிட்டார். "ஏல, நம்ம பக்கமே கரண்டு கார் செய்யுதாங்களாம்லா. நான் ஒண்ணு வாங்குனா வாடகைக்கு ஒத்து வருமா? நீ அதத்தான படிக்க?"

நான் படிப்பது மெக்கானிக்கல். எலெக்ட்ரிக் வண்டி எங்களுக்கு ஒரே ஒரு எலெக்டிவ் பேப்பர். வீட்டில் இந்த வித்தியாசமெல்லாம் செல்லாது, அதனால உக்காந்து கணக்குப் போட்டேன்.

சித்தப்பாவுக்கு ஆழ்வார்திருநகரியில் டாக்ஸி. 2013 மாடல் டீசல் கார், லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சு. முக்கிய வருமானம் நவதிருப்பதி சவாரி. காலையில நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்குற குடும்பத்தை ஜங்ஷன்ல ஏத்தி ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், கடைசியா எங்க ஊர்னு ஒன்பது கோவிலும் காட்டி, ராத்திரி திரும்ப ஜங்ஷன்ல விடணும். எப்படிச் சுத்தினாலும் 150 கி.மீ.க்குள்ள முடிஞ்சிடும்.

வின்ஃபாஸ்ட்டோட விஎஃப்6 2025-ல வந்தப்போ ஆரம்ப விலை 16.49 லட்சமா இருந்துச்சு. அதை அப்பவே ஓரமா வச்சுட்டோம். நான் கணக்குக்கு எடுத்தது டாடா டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி. (கிலோவாட்-அவர்னு புக்ல படிக்கிறோமே, அது வேற ஒண்ணுமில்ல, நம்ம ஈபி பில்லுல வர்ற அதே யூனிட்தான்.) 2022-ல வந்தப்போ சான்றிதழ்ல 315 கி.மீ. போட்டிருந்தாங்க. ஏசி போட்டு நாலு பேரை ஏத்திட்டு ஓட்டினா 200-னு வச்சுக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 9 யூனிட் சக்தி இருக்கு. அப்படின்னா மொத்த பேட்டரியும் மூணு லிட்டர் பெட்ரோலுக்குக்கூட சமம் இல்ல. ஆனா இன்ஜின் அதுல முக்கால்வாசியை சூடாவே வெளியே விட்டுடுது. மோட்டார் பத்துல ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்குது. பிரேக் போடுறப்போ கொஞ்சம் திரும்பவும் சேமிச்சுக்குது.

பாளையங்கோட்டையில டெஸ்ட் டிரைவ் போனோம். நின்ன இடத்துலேருந்து 60 கி.மீ. வேகம் பிடிக்க இந்த வண்டிக்கு 5.7 செகண்ட்தான். டார்க்குக்கு முறுக்குவிசைன்னு தமிழ்ல அழகான சொல் இருக்குன்னு தெரியும், ஆனா நான் இங்கிலீஷ் மீடியம், டார்க்னே எழுதிடறேன். மோட்டார்ல அது மிதிச்ச உடனே முழுசா வந்துடும், டீசல் மாதிரி டர்போ சுத்துற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முருகன்குறிச்சி சிக்னல்ல சித்தப்பா சும்மா லேசா மிதிச்சார், பின்னாடி இருந்த பஸ் கண்ணாடியில குட்டியாயிடுச்சு. "ஆத்தாடி"ன்னார். அப்புறம் சீரியஸா, "சத்தமே இல்லையேல, தேரடித் தெருவுல மாடு எப்படி விலகும்?"

இந்த வேகமெல்லாம் நவதிருப்பதிக்குத் தேவையே இல்ல. வாழைத்தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவுல போற ரோட்டுல 50-ஐத் தாண்டுறதே அபூர்வம். எலெக்ட்ரிக் காருக்கு அதுதான் வசதி. காத்து தடுக்குற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 50-ல இருக்கிறதை விட 100-ல நாலு மடங்கு. அதனால மதுரைக்கு நாலு வழிச் சாலையில கல்யாண சவாரி போனா இந்த 200 கி.மீ. சட்டுன்னு சுருங்கும், நடுவுல எங்கயாவது சார்ஜருக்கு நிக்கணும். கோவில் சவாரியில அந்தப் பிரச்சனை கிடையாது.

இன்னொண்ணும் இருக்கு, கணக்குல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். மத்தியானம் எல்லாக் கோவில்லயும் நடை சாத்திடுவாங்க, திறக்க சாயங்காலம் ஆகும். சவாரி வந்தவங்க சாப்பிட்டு எங்கயாவது படுத்திருப்பாங்க. கார் எங்க வீட்டு வாசல்ல சும்மா நிக்கும். நாலு மணி நேரம், 15 ஆம்பியர் பிளக்ல 3.3 கிலோவாட். 13 யூனிட் வந்துடும். சேதாரம் போக 80 கி.மீ.க்குக் குறையாது. ஃபாஸ்ட் சார்ஜரே வேண்டாம், பெருமாள் தூங்குற நேரம் போதும்.

இப்போ காசு. மாசம் 3,000 கி.மீ. ஓட்டுறார். டீசலுக்கு 15,000 ரூபாய் பக்கம் ஆகுது. எலெக்ட்ரிக்னா 420 யூனிட். ரெண்டு மாசக் கணக்குல 500-ஐத் தாண்டினா ரேட் எகிறும்கிறதால யூனிட் 9 ரூபாய்னு கூட்டியே வச்சேன், 3,800 வந்துச்சு. மிச்சம் 11,000. வாடகை எலெக்ட்ரிக் வண்டிக்கு பர்மிட்டும் வேண்டாம்னு 2018-லயே மத்திய அரசு சொல்லிடுச்சு. பச்சை போர்டுல மஞ்சள் எழுத்து, அவ்வளவுதான்.

ஆனா எட்டு லட்சம் லோன், பத்து பெர்சன்ட் வட்டி, அஞ்சு வருஷம்னா தவணை 17,000. இப்போ தவணையே கட்டாத மனுஷன் மாசம் 6,000 கையிலேருந்து போடணும். தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறா, அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸ். பேட்டரி வாரண்டி எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதல்ல வருதோ அது. சொந்த உபயோகத்துக்கு எட்டு வருஷம்னு கேட்க நல்லாத்தான் இருக்கு. சித்தப்பா ஓட்டத்துக்கு நாலரை வருஷத்துல தாண்டிடும், லோன் முடியுறதுக்கு முன்னாடியே. வாரண்டி முடிஞ்ச அன்னைக்கே பேட்டரி செத்துடாது, 800 முழு சார்ஜ் எல்எஃப்பி செல்லுக்குப் பெரிய விஷயமில்ல. இதைச் சொன்னேன். "செத்தா யாருல கொடுப்பா?"ன்னார். பதில் இல்ல.

சித்தி கேட்டது வேற. "ராத்திரி ரெண்டு மணிக்கு பிரசவ வலின்னு யாராவது வந்து நின்னா?" இது எங்க தெருவுல நடக்கிற விஷயம்தான். ஐகிரவுண்டுக்கு 35 கி.மீ. பத்து மணிக்கு பிளக் போட்டா ரெண்டு மணிக்குப் பாதிக்கு மேல ஏறியிருக்கும், போய்ட்டு வந்துடலாம். கரண்ட் இருந்தா.

2023 டிசம்பர் 17-ஐ எங்க பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் ரயில் பயணிகளோட மாட்டிக்கிச்சு. எங்களுக்கு நாலு நாள் கரண்ட் இல்ல. சித்தப்பா வண்டியை முன்னாடியே மேட்டுல ஏத்தி வச்சிருந்தார். தண்ணி வடிஞ்சதும் டேங்க்ல இருந்த பாதி டீசல்லயே பாளையங்கோட்டைக்கு மூணு தடவை ஆள் ஏத்திட்டுப் போனார். அதுல டயாலிசிஸ் பண்ணிக்கிற ஒரு தாத்தாவும் உண்டு. முழு சார்ஜ்ல நின்ன எலெக்ட்ரிக் காரும் ரெண்டு நடை போயிருக்கும், மூணாவதுக்கு வாய்ப்பில்ல. பேட்டரிக்கு ஐபி67 பாதுகாப்பு இருக்குன்னு காட்டினேன்: ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம். "நம்ம தெருவுல தண்ணி அரை மணி நேரமால நின்னுச்சு?"

என்னோட முடிவைக் கேட்டா: புதுசா கார் வாங்கியே ஆகணும்னா எலெக்ட்ரிக்தான், யோசிக்கவே வேண்டாம். ஓடுற வண்டியைத் தள்ளிவிட்டு வாங்க வேண்டாம். சித்தப்பாவும் இந்தத் தடவை எஃப்சி எடுத்துப் பார்ப்போம்னு சொல்லிட்டார். ஆனா போன வாரம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்திங்கை செக் பண்ணியிருக்கார். பழைய வீடு, எர்த்தே இல்லையாம். எர்த் இல்லாம சார்ஜர் ஏத்தவே ஏத்தாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். கொல்லையில குழி தோண்ட ஆள் சொல்லியாச்சு, உப்பும் கரியும் வாங்கி வச்சாச்சு. "கார் வருதோ இல்லையோ, கிரைண்டர் ஷாக் அடிக்கிறதாவது நிக்கும்"னு சித்தி சொல்றாங்க.