படத்தில் வந்த பேய்

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. இக்காலத்திலோ அந்த மருட்சி மனிதன் கண்ணோடு நில்லாமல், ஒளிப்படக் கருவியின் கண்ணுக்கும் வந்துவிட்டது. இடிந்த கோட்டைகளையும் பாழடைந்த கோயில்களையும் காணச் செல்வோர் படம் எடுக்கின்றனர். எடுத்தபோது காணாத ஏதோ ஒன்று படத்தில் தோன்றுகிறது. உடனே அது ஆவி என்னும் பேச்சு எழுகிறது. இதனை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை அண்மையில் நேரிலேயே கண்டேன்.

செகந்திராபாத்தில் எங்கள் இரயில்வே குடியிருப்பில் அடுத்த வீட்டில் வாழ்பவர் கும்பகோணத்து நண்பர். விடுமுறைக்கு வந்த உறவினரை அவர் குடும்பத்தோடு கோல்கொண்டாக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். பொழுது சாய்ந்த பின், சிதைந்த வளைவு ஒன்றன் முன் நண்பரின் பத்து வயது மகளை நிறுத்தி, உறவினர் கைப்பேசியில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். அப்படத்தில் சிறுமியின் தோளருகே வெண்ணிற வட்டம் ஒன்று மிதந்தது. படம் அன்றிரவே ஊருக்குப் பறந்தது. போரில் மாண்ட யாரோ ஒருவருடைய ஆவி குழந்தையைத் தொடர்ந்து வந்துவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்தது. கழிப்புச் செய்ய ஒருவர் பதினையாயிரம் ரூபாய் கேட்டார். பணம் போனால் போகட்டும். சிறுமியின் உறக்கம் போயிற்று. மூன்றாம் நாள் அவள் என்னிடம் வந்து, "மாமா, அது இப்போதும் என் தோளில்தான் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என் நெஞ்சைச் சுட்டது. அன்று மாலையே நண்பரின் வீட்டுக்குச் சென்று, மெக்சிகோ நாட்டுச் செய்தி ஒன்றைச் சொன்னேன். அங்கே சிச்சென் இட்சா என்னும் இடத்தில் மாயா மக்கள் கட்டிய பிரமிடுக் கோயில் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இடியும் மழையும் நெருங்கிய வேளையில், சுற்றுலாப் பயணி ஒருவர் அதனைக் கைப்பேசியில் மூன்று முறை படம் பிடித்தார். மூன்றாவது படத்தில் மட்டும் கோயில் உச்சியிலிருந்து வானம் வரை ஒளித்தூண் ஒன்று நின்றது. அங்கிருந்தவர் எவரும் அதைக் கண்ணால் காணவில்லை. மாயா நாட்காட்டியோடு உலகமும் முடியப்போகிறது என்ற பேச்சு 2012-இல் உலவியபோது அப்படம் நாடெங்கும் பரவியது. செவ்வாய்க் கோளின் படங்களை ஆராயும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வல்லுநர் ஒருவர் அதனை உற்று நோக்கினார். தூண் தோன்றிய அந்த ஒரு படத்தில்தான் பின்னணியில் மின்னலும் வெட்டியிருந்தது. மின்னலின் பேரொளியில் கைப்பேசியின் ஒளியுணரி தடுமாறியதன் விளைவே அத்தூண் என்பது அவர் தந்த விளக்கம்.

"அங்கே மின்னல்; இங்கே மின்னல் ஏது, தம்பி?" என்று நண்பரின் தாயார் கேட்டார். முறையான கேள்வி. "இங்கே பிளாஷும் தூசியும், அம்மா. வாருங்கள், காட்டுகிறேன்" என்றேன். கொல்லைப்புற விளக்கை அணைத்தோம். சிறுமியை நிற்கவைத்துப் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். வட்டம் எதுவும் இல்லை. பிறகு பழைய கோரைப்பாய் ஒன்றைக் கொணர்ந்து நன்றாகத் தட்டச் சொல்லி, அதே இடத்தில் மறுபடியும் எடுத்தேன். பெரிதும் சிறிதுமாக எத்தனையோ வெண்வட்டங்கள்! கைப்பேசியில் பிளாஷும் வில்லையும் அடுத்தடுத்தே இருக்கின்றன. வில்லைக்கு மிக அருகில் மிதக்கும் தூசியின்மேல் அவ்வொளி பட்டுத் திரும்புகிறது. அவ்வளவு அருகிலுள்ள பொருள் தெளிவாகப் பதியாது. மங்கி விரிந்து வட்டமாகப் பதியும். "இத்தனை பேய்களின்மேலா நான் இவ்வளவு காலம் படுத்திருந்தேன்!" என்று அம்மையார் சிரித்தார். சிறுமி கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, தானே பாயைத் தட்டித் தட்டிப் படம் எடுக்கத் தொடங்கினாள்.

காரணம் தெரிந்துவிட்டால் பழைய இடங்களின் வியப்பு குன்றிவிடும் என்று சிலர் கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அதே கோல்கொண்டாவில், பதே தர்வாசா வாயிலின் குவிமாடத்தின்கீழ் நின்று கைதட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் குன்றின் உச்சியில் அவ்வொலி கேட்கும். காரணம் அறியாதவன் இதையும் பேய் என்பான். அறிந்தவனோ அக்கட்டடத்தை எழுப்பிய கைவினைஞரை எண்ணித் தலை வணங்குவான். எட்டுத் திங்கள் முற்றுகையைத் தாங்கி 1687-இல் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்த கோட்டை அது. அதன் கடைசி அரசர் அபுல் ஹசன் தௌலதாபாத்தில் சிறையிலேயே உயிர் நீத்தார். நாம் நினைத்து வருந்துவதற்கு இம்மெய்யான துயரங்களே போதும். தூசிக்கு முடிசூட்ட வேண்டியதில்லை.

ஊரிலுள்ள பெரியவர்களையும் நான் குறை கூறமாட்டேன். தொலைவில் வளரும் பேரப்பிள்ளைக்கு என்ன நேருமோ என்னும் அன்பே அங்கே அச்சமாக வடிவெடுத்தது. ஆயினும் அன்பு முதலில் ஆராயவேண்டும். அந்நிய மண்ணில் வாழும் நம் பிள்ளைகளுக்குப் புதிய மொழி, புதிய பள்ளி, புதிய தெரு என்று அஞ்சுவதற்குரியன முன்பே பல உள்ளன. ஆகவே இத்தகைய படம் ஒன்று கைக்கு வந்தால், பிளாஷ் எரிந்ததா, காற்றில் தூசியோ மழைத்துளியோ இருந்ததா, அடுத்தடுத்து எடுத்த படங்களிலும் அது தெரிகிறதா என்று பெரியவர்கள் முதலில் கேட்டுப் பார்க்கட்டும். விடை கிடைக்கும் வரையில் அப்படம் குழந்தையின் கண்ணில் படாமல் இருக்கட்டும். விடை கிடைத்த பின் குழந்தையையே முதலில் அழைத்துக் காட்டட்டும்.