கண்டி வாவிக்கரையிலே

யாழ்ப்பாணத்துச் சமதரையிலே பிறந்து வளர்ந்த என்போன்றோருக்குக் கண்டி மாநகர் என்றும் ஒரு வியப்பே. எத்திசை நோக்கினும் ஒரு மலை நிற்கும். எவர் வீட்டுக்குச் செல்வதாயினும் சில படிகளேனும் ஏறியாக வேண்டும். அந்நகரில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பியைக் காணக் கல்லூரி விடுமுறைதோறும் நான் அங்கு செல்வதுண்டு. மலைகளுக்கும் விகாரைகளுக்கும் பெயர்போன கண்டியிலே, அவன் பொருட்டு நான் தேடியது வேறொன்று: சமதரை.

தம்பிக்குப் பரம்பரைத் தசைநோய். 1955ஆம் ஆண்டில் பெக்கர் என்னும் ஜேர்மனிய வைத்தியர் தனியாக விவரித்த வகை அது. அவர் பெயராலேயே வழங்குகின்றது. தசையின் இழைகளைத் தாங்கி நிற்கும் 'டிஸ்ட்ரோபின்' என்ற புரதம் இந்நோயாளரிடம் போதிய அளவிலோ முழுமையான வடிவிலோ அமைவதில்லை. அதனால் உழைக்கும் தசை எளிதிற் சிதைந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிந்துபோகின்றது. தாய்வழி வரும் நோய் இது. குறையுள்ள மரபணுவைத் தாங்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பாக நோய் வரலாம். ஒரே வயிற்றிற் பிறந்தும் எனக்கு வராதது அவனுக்கு வந்தது. "நான் செய்த பாவமோ" என்று அம்மா வடித்த கண்ணீர் கொஞ்சமன்று. மரபணு பாவபுண்ணியம் பார்த்து இறங்குவதில்லை என்பதை அவருக்கு உணர்த்தப் பல ஆண்டுகள் சென்றன.

நோய் இன்னதென்று தெரிந்த நாள்முதல் உற்றார் யாவரும் கூறிய புத்திமதி ஒன்றே: "தசையை அலட்டாதே, ஆறியிரு." தம்பியும் ஆறியிருந்தான். உடல் பருத்தது. முன்னர் இலகுவாக ஏறிய படிகளில் மூச்சு வாங்கிற்று. நோய் கொண்டுபோன பலம் எவ்வளவு, ஓய்வு கொண்டுபோன பலம் எவ்வளவு என்று பிரித்தறிய முடியாத நிலை வந்தது.

அப்போது நான் மறுகோடிக்குச் சென்றேன். "ஆண்பிள்ளைக்கு நடையே மருந்து" என்று கூறி, நகரை நோக்கிப் பெரிய வெண்புத்தர் சிலை வீற்றிருக்கும் பஹிரவகந்தைக்கு ஒருநாள் அவனை நடத்தியே அழைத்துச் சென்றேன். தங்கித் தங்கி ஏறிவிட்டான். இறங்கும்போதுதான் முழங்கால்கள் மடிந்தன. மறுநாள் தொடைகளில் தாளாத நோவு. சிறுநீர் பாலில்லாத தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இறங்கிற்று. வைத்தியரிடம் ஓடினோம். தெய்வாதீனமாகச் சிறுநீரகத்துக்குத் தீங்கு நேரவில்லை. ஆயினும் அன்றிரவு நான் உறங்கவில்லை.

வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, காரணத்தை விளக்கினார். மலை ஏறுகையில் தசை சுருங்கி வேலை செய்கின்றது. இறங்குகையிலோ நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. நல்ல தசைக்கே இது கடினம். டிஸ்ட்ரோபின் குறைந்த தசையோ கிழிந்துவிடும். அதனுள் இருக்கும் செந்நிறப் பொருள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தை அடைகின்றது. நான் கண்ட தேயிலைச் சாய நிறம் அதுவே. "இறக்கம் வேண்டாம், ஆனால் இருக்கையும் வேண்டாம்" என்றார் அவர்.

அவர் கூறியதற்கு ஆதாரம் உண்டு. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியாளர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெக்கர் நோயாளர் 11 பேர், 12 வாரங்களில் 50 தடவை, தடவைக்கு 30 நிமிடமாகத் துவிச்சக்கர வண்டி மிதித்தனர். பலங்கொண்ட மட்டும் அன்று. தத்தம் உச்சப் பிராணவாயு நுகர்வில் 65 வீதமான உழைப்பே. இவ்வாறு இதயமும் நுரையீரலும் தசைக்குத் தாராளமாகப் பிராணவாயு ஊட்ட, மிதமாக நெடுநேரம் செய்யும் உழைப்பையே 'ஏரோபிக்' பயிற்சி என்பர். முடிவில் அவர்களது உச்சப் பிராணவாயு நுகர்வு சராசரி 47 வீதம் உயர்ந்தது. தசைச் சிதைவைக் காட்டும் குருதிப் பொருளோ உயரவில்லை.

இதனை நோய்க்குப் பரிகாரமென எவரும் கொள்ளலாகாது. மரபணு மாறுவதில்லை. இத்தகைய ஆய்வுகளும் சிலவே. அவற்றிற் பங்குபற்றியோரும் சிலரே. சிறுவரைத் தாக்கும் கடுமையான 'டுஷேன்' வகைக்கு இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பெக்கர் நோய் இதயத்தையும் தொடுமாதலின், இதயத்தைச் சோதியாமல் பயிற்சியில் இறங்குதல் தவறு. பயிற்சியின் அளவை வகுக்க இயன்மருத்துவர் துணை தேவை. பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே அத்துறைக்கெனப் பட்டப்படிப்பே நடைபெறுகின்றது என்பது நமக்கு ஆறுதல்.

இதயத்தைச் சோதித்து, அளவும் வகுத்த பின்னர், சமதரைக்கு எங்கே போவது என்ற வினா எழுந்தது. விடை நகரின் நடுவிலேயே கிடந்தது. கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1807இல் வயல்நிலத்தை மறித்து அமைத்த வாவி அது. நாயக்கர் வமிசத்தவனான அவன் 1815இல் முடியிழந்து, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அரசு போயிற்று, வாவி நிலைத்தது. அதனைச் சுற்றிச் செல்லும் பாதை ஏறக்குறைய இரண்டு மைல். ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை.

காலையில் வாகன இரைச்சல் எழுமுன், தலதா மாளிகையின் முன்பாகப் புறப்படுவோம். விளக்கேற்றும் குழிகள் கொண்ட முகில் மதில் வெண்ணிறமாய் உடன்வரும். நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும். மறுகரையிலே மல்வத்தை விகாரை அமைதியாக நிற்கும். முதல் வாரம் பத்து நிமிடமே நடந்தோம். பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினோம். பேசிக்கொண்டே நடக்க முடிகின்றதா என்பதே எங்கள் அளவுகோல். பேச்சுத் தடுமாறினால் இருக்கையில் அமர்வோம். நோவு மறுநாளும் நீடித்தால் அன்று நடையில்லை.

சென்ற விடுமுறையில் இருமுறை அமர்ந்து, வாவியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினான். ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் நான் முன்னே விரைந்துவிட, பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது: "அவசரப்படாதேங்கோ அண்ணை, கதைச்சுக்கொண்டு நடப்பம்." பஹிரவகந்தையில் எனக்கு விளங்காதுபோன பாடம் அது. திரும்பிவந்து அவனுடன் நடந்தேன். அவன் தொடைகள் மீண்டும் பருக்கவில்லை. நடை இன்னும் சற்று அசைந்தே இருக்கின்றது. ஆனால் அலுவலகத்தில் மாலை வரை களைப்பின்றி இருக்க முடிகின்றது என்கிறான்.

அம்மா ஊரிலிருந்து நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பார். முன்னெல்லாம், "தம்பியை நடக்க விடாதை" என்பதே அவர் கட்டளை. இப்போது முதலில் கேட்பது வேறு: "தம்பி இண்டைக்கு நடந்தவனே?"