குற்றாலத்துக்கு எட்டு முழம்

என் மருமான் ஒருவன் ஸ்காட்லாந்து தேசத்தில் எடின்பரோ நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற வருஷம் அவனுடைய சிநேகிதன் கல்யாணத்துக்கு அந்நாட்டு வழக்கப்படி 'கில்ட்' அணிந்து, கடற்கரையோரம் நின்று படம் எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தான். என் மனையாள் அந்தப் படத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பெண்ணின் பாவாடையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்டாள்.

இம்மாதிரி சமயங்களில் பிரசங்கம் செய்யாமல் என்னால் இருக்க முடியாது. "பாவாடை என்று பரிகாசம் செய்யாதே. ஒழுங்காகத் தைத்த கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் துணி வேண்டும். அதாவது பதினாறு முழம். நம் வேஷ்டியைப் போல் இரட்டிப்பு! 1746-இல் கலோடன் போர்க்களத்தில் மலைநாட்டார் தோற்றுப் போனதும், பிரிட்டிஷ் சர்க்கார் அந்த உடையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் முதல் தடவை கட்டினால் ஆறு மாதம் சிறை. மறு தடவை கட்டினால் ஏழு வருஷம் கடல் கடந்து தீவாந்தரம். 1782-இல்தான் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. அப்பேர்ப்பட்ட உடையாக்கும் இது!" என்றேன்.

"நமக்கும் அப்படி ஒரு சங்கதி உண்டே" என்றாள் அவள். உண்மைதான். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேஷ்டி கட்டிச் சென்ற ஹைகோர்ட் நீதிபதியையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுதந்திரம் வந்து அறுபத்தேழு வருஷமான பிறகு! அடுத்த மாதமே சட்டசபை ஒரு சட்டம் செய்தது. வேஷ்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

"சட்டம் எல்லாம் இருக்கிறது. நீங்கள் கல்யாணம், கார்த்திகை தவிர எப்போது வேஷ்டி கட்டினீர்கள்? அந்தப் பிள்ளை ஊரார் உடையைக் கட்டிக் கடற்கரையில் நிற்கிறான். நீங்கள் நம் உடையைக் கட்டி நாலு நாள் வெளியூர் போய் வாருங்கள், பார்ப்போம்" என்றாள்.

ஆனி மாதம் பிறந்து, குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருந்த சமயம். வீறாப்பாகச் சம்மதித்தேன். அவளுக்கு முழங்கால் வலி, கூட வரவில்லை. ஆனால் பெட்டி அடுக்கியது அவள்தான் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் எனக்கு மேல் படுக்கை கிடைத்தது. எட்டு முழ வேஷ்டியுடன் அந்த இரும்பு ஏணியில் ஏறியதைப் பற்றி விஸ்தரிக்கப் போவதில்லை. கீழே இருந்த அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டு உபகாரம் செய்தார். விடியற்காலையில் விழித்தபோது சங்கரன்கோவில் தாண்டியிருந்தது. பிறகு கடையநல்லூர். தறி நெய்வதற்குப் பெயர்போன ஊர்கள் இவை. அவ்வூர்களின் வழியே கசங்கிச் சுருண்ட வேஷ்டியுடன் போவதில் எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

தென்காசியில் இறங்கிப் பெட்டியைத் திறந்தேன். நான்கு வேஷ்டிகள், நான்கு சட்டைகள், இரண்டு துண்டுகள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நான் அடியில் ஒளித்து வைத்திருந்த கால்சட்டையைக் காணோம்!

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள கடையத்தில் 1918-இன் கடைசியிலிருந்து 1920 வரையில் பாரதியார் வாசம் செய்தார். அவர் வேஷ்டிக்கு மேல் கோட்டும், தலையில் முண்டாசுமாக நிமிர்ந்து நடந்தவர். எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? வேஷ்டியும் அரைக்கைச் சட்டையுமாகக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் புறப்பட்டேன்.

பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் இது. பிற்காலத்தில் இதன் கோபுரம் பிளந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. இப்போது நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாகக் கட்டி 1990-இல் கும்பாபிஷேகம் ஆனது. உயரம் ஏறக்குறைய 180 அடி. பாண்டியன் இதை எல்லாம் முன்பே எதிர்பார்த்தான் போலும்! பின்னாளில் கோயிலுக்குப் பழுது நேர்ந்து, அதைச் சரிசெய்பவர் யாராயினும், அவர் காலில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். பெயர் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவன் காலில் விழுகிற அரசன்!

ஆனால் அன்றைக்குக் கல்வெட்டைப் பற்றிச் சிந்திக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை. மேற்கே மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் ஓர் இடைவெளியாகத் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் புகுந்து செங்கோட்டை, தென்காசிப் பக்கமெல்லாம் வீசுகிறது. கோபுர வாசலில் அந்தக் காற்று ஆளையே தள்ளும். என் வேஷ்டி பாய்மரம் போல் உப்பிற்று. ஒரு கையில் தேங்காய்ப் பழத் தட்டு. மறு கையால் முன்புறத்தைப் பிடித்தால் பின்புறம் பறக்கிறது, பின்புறத்தைப் பிடித்தால் முன்புறம் பறக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட்டின் முன்னால் ஏன் ஒரு கனமான தோல்பையைத் தொங்க விடுகிறார் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. பூக்கடைக்காரப் பெண், "மடிச்சுக் கட்டுங்க அண்ணாச்சி" என்றாள். கட்டினேன். ஆகா, என்ன சுகம்! முழங்காலுக்கு மேலே வேஷ்டி ஏறியதும் எனக்கு இருபது வயது குறைந்தது போலிருந்தது. வாசல் தாண்டியதும் சுவாமிக்கு மரியாதையாக இறக்கி விட்டேன். வெளியே வந்ததும் மறுபடி மடித்துக் கட்டினேன். இந்த வித்தையைக் கற்றுக் கொண்டதில் அடைந்த பெருமிதத்தோடு குற்றாலம் பஸ் ஏறினேன்.

பேரருவியைப் பற்றி எழுதாதவர் இல்லை. மேலிருந்து விழும் தண்ணீர் நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் நிரம்பி, பிறகு அங்கிருந்து வழிகிறது. அதனால்தான் நாம் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீசார் குளிக்க விடுவதில்லை. நான் போன அன்று அளவாகவே விழுந்தது. ஆனால் அளவு என்பது அரைக்கால்சட்டை அணிந்தவருக்கு வேறு, எட்டு முழக்காரனுக்கு வேறு! உள்ளே நுழைந்த மறுகணம் வேஷ்டி ஒரு மூட்டை கனத்தது. முடிச்சு நெகிழ்ந்தது. இரண்டு கைகளும் இரும்புக் கம்பியில். கம்பியை விட்டால் நான் போவேன். விடாவிட்டால் வேஷ்டி போகும்.

"தம்பி, கம்பிய விடாத! நான் பிடிச்சிருக்கேன்" என்று பக்கத்தில் ஒரு குரல். எண்பது பிராயம் மதிக்கத்தக்க பெரியவர். வேஷ்டியின் நுனியைக் கெட்டியாகப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்து வந்தார். "தாறுபாய்ச்சிக் கட்டணும் தம்பி. இப்படித் தொங்க விட்டா அருவி உருவிக்கிட்டுப் போயிரும்" என்று, குழந்தைக்குக் கட்டுவதுபோல் கட்டியும் விட்டார். அவரும் அப்படியே கட்டியிருந்தார். அப்புறம் இருவரும் சேர்ந்து ஆசை தீரக் குளித்தோம்.

உடை மாற்றியதும் பெரியவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். வெள்ளை வெளேரென்ற எட்டு முழம், பாதத்தைத் தொடுகிறது. சட்டை, காலில் செருப்பு, கையில் குடை. சாரலில் பாதை முழுவதும் சேறு. நானும் மற்றவர்களும் மடித்துக் கட்டி நடக்க, அவர் மட்டும் இறக்கி விட்டபடியே நடந்தார். கரை எல்லாம் சேறு தெறித்தது.

"மடிச்சுக் கட்டிக்கொள்ளக் கூடாதா, ஐயா?" என்று கேட்டேன்.

"நான் கட்டுறதில்ல" என்றார். சற்றுத் தூரம் பேசாமல் நடந்த பிறகு, "எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். எங்க தாத்தா வேட்டி முட்டுக்குக் கீழ எறங்குனதே இல்ல. எறங்கக் கூடாது. எறங்குனா அடி" என்றார்.

சரித்திரப் புத்தகத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிதிராவிடர்கள் மீது அங்கே ஆதிக்கம் செலுத்திய ஜாதியார் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது, பூச் சூடக் கூடாது. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாயின. படித்தபோது அவை வெறும் வரிசையாகத்தான் இருந்தன. இப்போது அந்த வரிசையில் பாதி, குடையும் செருப்புமாக, என் பக்கத்தில் நடந்து கொண்டிருந்தது.

"காந்தி இங்க வந்தாராம்ல?" என்றார் பெரியவர்.

வந்தார். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில், ஏழைகளுக்கு அவ்வளவுதானே கிடைக்கிறது என்று தம் உடையை முழங்காலுக்கு மேலே குறைத்துக் கொண்ட அதே மனிதர், 1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையில் குற்றாலத்துக்கு வந்தார். ஹரிஜனங்களுக்கு இந்த அருவியில் குளிக்க இடமில்லை என்று தெரிந்ததும் தாமும் குளிக்காமல் திரும்பினார். இதைச் சொன்னேன்.

பெரியவர் யோசித்தார். "அவரு முட்டுக்கு மேல ஏத்துனாரு. நாங்க எறக்குறதுக்குப் பட்ட பாடு..." என்று நிறுத்திச் சிரித்தார். சிரிப்பில் குறை இல்லை. "நல்ல மனுசன். குளிச்சிருக்கலாம். சாரல் காலத்துல வந்திருக்கணும்."

செங்கோட்டை பஸ் வந்தது. குடையை மடக்கி, வேஷ்டியின் முன்புறத்தை ஒரு கையால் இலேசாகத் தூக்கிக் கொண்டு படியேறினார். ஜன்னல் வழியாக, "தாறுபாய்ச்சி! மறந்துராதீங்க!" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மீதி மூன்று நாட்களில் ஐந்தருவியும், சிற்றருவியும், சித்திர சபையும் பார்த்தேன். வேஷ்டியை மடித்துக் கட்டவும் செய்தேன். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு தடவையும் கை சற்றுத் தயங்கிற்று.

தென்காசிக் கோபுர வாசலில் ஒரு பையனைக் கொண்டு எடுத்த படத்தை எடின்பரோவுக்கு அனுப்பினேன். "மாமா, அங்கேயும் காற்று இவ்வளவு உண்டா?" என்று மருமான் பதில் எழுதினான். என் மனையாள் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, வேஷ்டிகளை எண்ணி எடுத்து ஊற வைத்தாள். கால்சட்டை அலமாரியில் இருந்தது.