குடத்தில் கைவிட்ட சிறுவன்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உத்திரமேரூர் அமைந்துள்ளது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று அந்நாளில் வழங்கிய இவ்வூரின் சபை, தன் வாரியங்களுக்கு உரியவர்களைக் குடவோலை வழியே தேர்ந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. குடவோலை என்னும் சொல்லைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத மாணவர் தமிழகத்தில் அரியர். ஆயினும், பாடங்கள் பெரும்பாலும் ஒருவனைப் பேசாமலே கடந்துவிடுகின்றன. குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுத்த சிறுவனே அவன்.

கல்வெட்டு அவனுக்கு ஒதுக்கும் இடம் சிறிது. ஊரில் 30 குடும்புகள், அதாவது பகுதிகள், இருந்தன. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, கட்டுகளாகக் கட்டி, குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோருமாகச் சபை கூடியிருக்கும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் வந்திருப்பர். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு தூக்கி நிறுத்துவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கியதும் அவற்றுள் ஒன்றை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது. அவன் உரக்கப் படித்தபின் நம்பிமார் அனைவரும் படிப்பர். முப்பது குடும்புக்கும் இவ்வாறே நடைபெறும். கணக்கிட்டால், அச்சிறுவன் அறுபது முறை கையை நீட்டியிருக்கிறான். அதற்குமேல் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெயரும் இல்லை.

இளையோருக்காக வரலாற்றுப் புதினம் எழுதுவோர்க்கு வேலை தொடங்குமிடம் இதுதான். மன்னனைப் பற்றி மெய்க்கீர்த்திகள் பேசும். போரைப் பற்றிச் செப்பேடுகள் பேசும். சிறுவரைப் பற்றிக் கல்லும் செம்பும் பேசுவது அரிது. பதினைந்து வயது வாசகர் பழங்காலத்துக்குள் நுழைவதற்கோ தம் வயதையொட்டிய ஒரு துணை வேண்டியிருக்கிறது. அத்துணையை உருவாக்க எழுத்தாளர் எந்த அளவுக்குக் கற்பனை செய்யலாம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

தமிழில் இத்துறை நெடுங்காலம் தனித்து வளரவில்லை. இளையோர் நேரே பெரியோருக்கான புதினங்களுக்குத் தாவினர். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ எத்தனையோ வீடுகளில் பள்ளி மாணவர் கைகளுக்கும் சென்றது. கல்கி அவர்களை மனத்தில் கொண்டு தனியாக எழுதவில்லை. எனினும், அவர் கையாண்ட முறை கருதத்தக்கது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைப் பற்றிக் கூறுகிறது. ரவிதாசன் என்ற பெயரையும் தருகிறது. பெயர் கல்லில் இருந்தது. குற்றமும் கல்லில் இருந்தது. அவன் குரலும் நடையும் நள்ளிரவுச் சதிக்கூட்டமும் கல்கி தந்தவை.

அண்மைக் காலத்தில் உதயசங்கர் இளையோருக்கென்றே எழுதிய ‘ஆதனின் பொம்மை’, கீழடியைப் பின்புலமாகக் கொண்ட புதினம். 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதை அது பெற்றது. ஆதன் என்பது ஆசிரியர் புனைந்த பெயரன்று. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் காணப்படும் பெயர் அது. உடைந்த ஓட்டில் எஞ்சிய சில எழுத்துகள் ஒரு சிறுவனாக எழுந்துவிட்டன.

ஆங்கிலத்தில் ரோஸ்மேரி சட்க்ளிஃப் செய்ததும் இத்தகையதே. இளமையிலேயே மூட்டுநோய்க்கு ஆளாகி, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியில் கழித்தவர் அவர். பிரிட்டனின் வடபகுதிக்குச் சென்ற உரோமானியரின் ஒன்பதாம் படைப்பிரிவு திரும்பவே இல்லை என்றொரு செய்தி. சில்செஸ்டர் என்னும் ஊரில் அகழ்ந்தெடுத்த, சிறகிழந்த வெண்கலக் கழுகு ஒன்று. தொடர்பற்ற இவ்விரண்டையும் இணைத்து 1954இல் அவர் எழுதிய புதினம் இன்றும் படிக்கப்படுகிறது. அக்கழுகு படைச்சின்னம் அன்று; ஏதோ ஒரு சிலையின் பகுதியாக இருக்க வேண்டும் என்று பின்வந்த ஆய்வாளர் கருதினர். புதினம் அதனால் வீழ்ந்துவிடவில்லை. கிடைத்த பொருள்கள் இவை, இணைத்தது தம் கற்பனை என்று நூலின் முன்னுரையிலேயே அவர் சொல்லியிருந்தார். அந்த நேர்மை இளையோருக்கு எழுதுவோரிடம் இருமடங்காக இருக்க வேண்டும். பெரியவர் ஒரு புதினத்தைப் படித்தபின் ஆய்வு நூலைத் தேடக்கூடும். பதின்பருவத்தில் மனத்தில் பதிந்த பராந்தகனோ பிற்காலத்தில் எந்த ஆய்வு நூல் வந்தாலும் எளிதில் அகலமாட்டான்.

உத்திரமேரூரைக் களமாகக் கொள்ளும் எழுத்தாளர் சிறு பிழைகளுக்கும் அஞ்ச வேண்டும். அச்சிறுவனின் தாய் குழம்பில் மிளகாய் இட்டால் கதை அங்கேயே பொய்த்துவிடும். மிளகாய் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் வந்தது. பராந்தகன் காலத்து அடுக்களையில் காரத்துக்கு மிளகுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே பின்னாளில் வந்தவை. பொழுதை நாழிகையால் அளக்க வேண்டும். நிலத்தை வேலியால் அளக்க வேண்டும். இவை நூலகத்தில் திருத்திக்கொள்ளக் கூடிய பிழைகள்.

பெரும்பிழை வேறு. ஊர் முழுவதும் கூடி மகிழ்ச்சியாக வாக்களித்தது போன்ற ஒரு காட்சியை எழுதுவது எளிது, படிக்கவும் இனிது. கல்வெட்டு அதற்கு இடம் தரவில்லை. அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். ஓலையில் பெயர் எழுதப்பட, வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர் என்பதால் கால்வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். மறை கற்றிருக்க வேண்டும். வேதமும் அதன் உரையும் கற்றுணர்த்தக் கூடியவர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும். பெண்கள் பெயர் ஓலையில் இல்லை. வயலில் உழைத்தவர் பெயர் இல்லை. குடத்தை வனைந்தவர் பெயர் அக்குடத்துக்குள் போக வழியில்லை. இதனை மறைத்து எழுதுபவர் இளையோரைக் குழந்தைகளாகவே வைத்திருக்க விரும்புகிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

அதற்காக, அம்முறையின் அருமையைக் குறைத்துச் சொல்வதும் முறையாகாது. 919இல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி மீண்டும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பதவிக்காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவர் இடையிலேயே நீக்கப்படுவார். அண்மை மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. தேர்ந்தெடுக்கப்பட்டோரில் பன்னிருவர் ஆட்டை வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் செல்வர். வயிரமேக தடாகம் என்று அந்நாளில் பெயர் பெற்ற பேரேரியே ஊரின் உயிர். அதனைக் காப்பது அவ்வறுவர் பொறுப்பு.

எல்லாவற்றினும் கடுமையான விதி ஒன்றுண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர் மட்டும் அல்லர். அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் என நீளும் உறவினர் வரிசையும் விலக்கப்படுகிறது. இப்படியொரு விதி வெறுமனே தோன்றியிராது. யாரோ கணக்குக் காட்டாமல் இருந்திருக்கிறார். யார், எத்தனை பொன், எந்த வாரியம் என்று கல்வெட்டு கூறவில்லை.

சுவரின் முன் நின்று இவ்விதியைப் படிக்கும் எழுத்தாளருக்குச் சிறுவன் வேறு விதமாகத் தெரியக்கூடும். அவனுடைய சிற்றப்பன் கணக்குக் காட்டாதவனாக இருந்திருந்தால்? அப்போது, தவறேதும் செய்யாத அவன் தந்தையின் பெயரும் ஓலையில் எழுதப்பட்டிராது. குடத்தில் இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் என்றே கல்வெட்டு சொல்கிறது. குடத்தில் இல்லாத பெயர் எது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தந்தையும் அக்கூட்டத்தில்தான் இருக்கிறார். நம்பி குடத்தை உயர்த்துகிறார். முப்பதாம் கட்டின் ஓலையும் விரித்த உள்ளங்கையில் விழுகிறது, பெயர் உரக்கப் படிக்கப்படுகிறது, வேறொருவருடைய பெயர்.

அதன்பின் தந்தையும் மகனும் ஒரே தெரு வழியே வீட்டுக்கு நடந்திருப்பார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்பதைத்தான் எழுத வேண்டும்.