மீட்டரைப் பாரு

அப்பா ஓட்டிய லோரியின் பிஸ்டன் ஒன்றில் ஓட்டை விழுந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி. பிஸ்டனின் தலை மெழுகு போல உருகி, நடுவில் விரல் நுழையும் அளவுக்குத் துளை. முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மேட்டுல கால எடுக்காம மிதிச்சா இப்படித்தான்" என்றார். ரிப்பேர் செலவில் ஒரு பங்கை அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டினார்.

அப்பா எதிர்த்துப் பேசவில்லை. லயத்தில் வளர்ந்தவர், கிராணி சொன்னால் சொன்னதுதான் என்று பழகியவர். நான் அப்போது பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். வெளியே சொல்லவில்லையே தவிர, முதலாளி சொன்னதை நானும் நம்பினேன்.

இஞ்சின் கட்டி வந்த பிறகும் மேட்டில் கரும்புகை நிற்கவில்லை. இழுவையும் இல்லை. "இன்னொரு பிஸ்டன் போச்சுன்னா வேலையே போயிரும்யா. நீ ஒரு தடவ பாரேன்" என்றார் அப்பா.

வண்டியிலிருந்த சூட்டு முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும். அது தண்ணீரின் சூட்டை மட்டும்தான் காட்டும். வெளியேறும் புகை எவ்வளவு சுடுகிறது என்று அதற்குத் தெரியாது. எக்ஸோஸ் மேனிஃபோல்டைக் கழற்றி, டர்போவுக்கு முன்னால் வரும் இடத்தில் துளை போட்டு ஒரு தெர்மோகப்பிள் பொருத்தினேன். கழற்றாமல் துளைத்தால் இரும்புத்தூள் டர்போவுக்குள் போய்விடும். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனையைச் சேர்த்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்ட விஷயம். நான் போட்ட வகையில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 40 மைக்ரோவோல்ட். அவ்வளவு சின்ன சாட்சி.

குலை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சமதரையில் 400. மேடு தொடங்கியதும் 600, 680, 740. நான் அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சரியான நேரத்தில் கியரைக் குறைத்தார், காலையும் தளர்த்தினார். எண் இறங்க மறுத்தது.

"மீட்டரைப் பாரு. என் கால பாக்காத" என்றார்.

700ஐத் தாண்டியதும் பிஸ்டன் உருகிவிடாது; அடியிலிருந்து எண்ணெய் அதைக் குளிர்விக்கிறது. ஆனால் தினமும் மேடுமேடாக அந்தச் சூட்டிலேயே ஓடினால் அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? டீசல் இஞ்சினில் கணக்கு எளிது. டீசல் கூடினாலும் சூடு ஏறும், காற்று குறைந்தாலும் ஏறும். எல்லோரும் டீசல் பக்கத்தையே, அதாவது மிதித்தவன் காலையே பார்த்தார்கள். நான் காற்றின் பக்கம் போனேன்.

ஏர் ஃபில்டரை மாற்றினேன். எண் அசையவில்லை. எக்ஸோஸ் குழாயில் அடைப்பு இல்லை. இன்ஜெக்டர்கள் இஞ்சின் கட்டும்போதே புதிதாகப் போட்டவை. கழற்றிச் சோதித்தபோதும் ஒழுகவில்லை. டர்போ அழுத்தத்தை அளந்தேன். மேட்டில் வரவேண்டிய அளவில் பாதிதான் வந்தது. டர்போ சுழற்றி அனுப்பும் காற்று வழியில் எங்கோ தொலைகிறது.

குழாயின் இரு முனையையும் அடைத்து, கம்ப்ரசரிலிருந்து மெதுவாகக் காற்றுவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்தேன். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்குப் பக்கத்தில் நுரை பொங்கியது. உள்ளங்கை நீளக் கிழிசல். வண்டி சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும். பாரம் ஏறி அழுத்தம் வந்தால் திறக்கும். பட்டறையில் நிறுத்திப் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்காது.

புது ஹோஸ் மாட்டி, அதே மேட்டில் அதே பாரத்தோடு ஏறினோம். 610க்கு மேல் போகவில்லை. புகையும் இல்லை.

கிழிந்த ஹோஸை முதலாளியிடம் காட்டினேன். "ஓ, அப்படியா" என்றார். அடுத்த மாதத்திலிருந்து வெட்டு நின்றது. வெட்டிய காசு திரும்பவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது, "இப்பத்தான் அது நல்லா மூச்சு விடுது" என்று மட்டும் சொன்னார். முதலாளி சொன்னதை நானும் நம்பினேன் என்பதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது முதல் நாள் மேட்டிலேயே தெரிந்துவிட்டது என்று அப்புறம்தான் உறைத்தது.